ரிஸ்க்-ஃபைவ் பலகைக்கு மூடிய கோப்பு எதுவும் இல்லாத பூட்: எங்கள் திட்டத்தில் குறை காணுங்கள்

சில்லுத்தச்சன் | தொடக்கப் பதிவு

வணக்கம். நாங்கள் மூவர் வார இறுதிகளில் சேர்ந்து ஒரு ரிஸ்க்-ஃபைவ் (திறந்த கட்டளைத் தொகுப்பு கொண்ட செயலி வகை) பலகை செய்துகொண்டிருக்கிறோம். லாட்டிஸ் இசிபி5-85 எஃப்பிஜிஏ (உட்சுற்றை நாமே வரையறுக்கும் சில்லு), 256 எம்பி டிடிஆர்3 நினைவகம், 16 எம்பி எஸ்பிஐ ஃபிளாஷ், ஓர் எஸ்டி கார்டு, யூஎஸ்பி வழியாக ஒரு சீரியல் கன்சோல் ஆகியவைதாம் பலகையில் இருப்பவை. உள்ளே லைட்எக்ஸ் என்னும் திறந்த கட்டமைப்புக் கருவி கொண்டு கட்டிய 32 பிட் வெக்ஸ்ரிஸ்க் செயலிக் கோர்கள் இரண்டு ஓடுகின்றன. எஃப்பிஜிஏவின் உட்சுற்றை அமைக்கும் கோப்பான பிட்ஸ்ட்ரீமை யோசிஸ், நெக்ஸ்ட்பிஎன்ஆர் ஆகிய திறந்த கருவிகளைக் கொண்டே உருவாக்குகிறோம். சில்லுத் தயாரிப்பாளரின் கருவி எதையும் நிறுவாமலேயே ஒருவர் இந்தப் பலகையின் உள்ளடக்கம் முழுவதையும் தம் கணினியில் மறுபடி கட்டிவிடலாம்.

பூட், அதாவது மின்சாரம் வந்ததிலிருந்து லினக்ஸ் எழும்வரையான தொடக்கம், இப்போது நடக்கும் விதம் இது. மின்சாரம் வந்ததும் எஃப்பிஜிஏ தானே ஃபிளாஷிலிருந்து பிட்ஸ்ட்ரீமை ஏற்றிக்கொள்கிறது. அந்தப் பிட்ஸ்ட்ரீமுக்குள்ளேயே பிளாக் ராமில் பதிந்திருக்கும் லைட்எக்ஸ் பயாஸ் ஓடத் தொடங்கி, டிடிஆரை எழுப்பி, எஸ்டி கார்டில் உள்ள ஒரு ஜேசன் கோப்பைப் படித்து, அதில் குறித்திருக்கும் முகவரிகளில் கர்னல், டிவைஸ் ட்ரீ (பலகையில் என்ன எங்கே இருக்கிறது என்ற விவரம்), ஓப்பன்எஸ்பிஐ (லினக்ஸுக்கு அடியில் ஓடும் ஃபர்ம்வேர்), ரூட்எஃப்எஸ் (லினக்ஸின் அடிப்படைக் கோப்புத் தொகுதி) நான்கையும் வைத்து, கடைசியில் ஓப்பன்எஸ்பிஐக்குத் தாவுகிறது. அது உச்ச அதிகாரமுள்ள எம்-மோடில் தங்கிக்கொண்டு, அதற்குக் கீழுள்ள எஸ்-மோடில் லினக்ஸைத் தொடங்கிவைக்கிறது.

மேசைமேல் இது ஓடுகிறது. ஆனால் இதை ஒரு கல்லூரி ஆய்வகத்துக்கு 20 பலகைகளாகக் கொடுக்கப்போகிறோம். அங்கே எங்கள் மேசையில் நடக்காதவை எல்லாம் நடக்கும். நடுவில் யூ-பூட் என்னும் பூட்லோடர் வேண்டுமா, ஓப்பன்எஸ்பிஐயின் எந்த வடிவம் பொருந்தும், ஃபிளாஷ் கெட்டுப்போனால் என்ன வழி என்பவற்றைப் பற்றி உங்கள் கருத்து தேவை. பாராட்டு வேண்டாம்.

பழையமுனையம்

பாராட்டு வேண்டாம் என்றாலும் ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும். யூ-பூட் பற்றிய கேள்வியைவிடப் பெரிய கேள்வியை நீங்கள் அறியாமலே தாண்டிவிட்டீர்கள்: டிடிஆரை எழுப்பும் நிரல் யார் கையில் இருக்கிறது? அதற்குப் பின்னால் வருபவை அனைத்தும் பல ஆண்டுகளாகத் திறந்தே கிடக்கின்றன. யூ-பூட்டின் உரிமம் ஜிபிஎல் 2, ஓப்பன்எஸ்பிஐயின் உரிமம் பிஎஸ்டி. மறைப்பு நடக்கும் இடம் எப்போதும் நினைவகம் உயிர்பெறும் அந்தச் சில மில்லி விநாடிகளில்தான்.

2018 இல் சைஃபைவ் நிறுவனத்தின் ஹைஃபைவ் அன்லீஷ்ட் வெளிவந்தபோது லினக்ஸ் ஓடும் முதல் ரிஸ்க்-ஃபைவ் பலகை என்று எல்லாரும் கொண்டாடினோம். அதில் இருந்த எஃப்யூ540 சில்லின் ரோமில் ஜீரோத் ஸ்டேஜ் லோடர் இருந்தது; அது எஃப்எஸ்பிஎல் என்னும் அடுத்த கட்டத்தை எல்2 கேஷின் ஒரு பகுதியில் ஏற்றும்; எஃப்எஸ்பிஎல்தான் கடிகாரங்களையும் டிடிஆர்4ஐயும் அமைக்கும். டிடிஆரே இல்லாத நேரத்தில் கேஷையே தற்காலிக நினைவகமாகப் பயன்படுத்தியது அழகான ஏற்பாடு. ஆனால் எஃப்எஸ்பிஎல்லின் மூலநிரல் முதலில் வெளியிடப்படவில்லை. டிடிஆர் கட்டுப்படுத்தி வேறொரு நிறுவனத்திடம் உரிமம் பெற்றது என்பது அதற்குக் காரணம். திறந்த ஃபர்ம்வேர் திட்டமான கோர்பூட் தரப்பிலிருந்து அந்த ஆண்டே வெளிப்படையாகக் கேள்வி எழுந்தது, அந்த ஆண்டுக்குள்ளேயே மூலநிரலும் வந்தது. கட்டளைத் தொகுப்பு திறந்தது என்பதால் பலகையும் திறந்தது ஆகிவிடாது என்பதைப் பலர் முதன்முதலாகக் கண்டது அப்போதுதான்.

எண்கணக்கர்

நண்பர் பழையமுனையம் சொல்லும் வரலாறு சரி, ஆனால் அதிலிருந்து எடுக்கும் முடிவு இன்றைக்குப் பொருந்துமா என்று தெரியவில்லை. விஷன்ஃபைவ் 2 என்னும் ரிஸ்க்-ஃபைவ் பலகையில் உள்ள ஜேஎச்7110 சில்லுக்கான டிடிஆர் நிரல் யூ-பூட்டின் பிரதான மரத்திலேயே, ஜிபிஎல் உரிமத்தோடு இருக்கிறது. எவரும் எடுத்துக் கட்டலாம், திருத்தலாம், விநியோகிக்கலாம். இதற்கு மேல் என்ன திறப்பு வேண்டும்?

பழையமுனையம்

அந்தக் கோப்பைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? பக்கம் பக்கமாகப் பதினறும எண்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் எந்த ரிஜிஸ்டரின் எந்த பிட்டைத் தொடுகிறது, ஏன் அந்த மதிப்பு என்பதற்கு ஒரு வரி விளக்கமும் இல்லை. ஜிபிஎல் உரிமம் மூலநிரலுக்குக் கொடுக்கும் விளக்கமே, மாற்றங்கள் செய்வதற்கு உகந்த வடிவம் என்பதுதான். அந்த எண்களை உருவாக்கியவர் அவற்றைக் கையால் எழுதியிருக்க மாட்டார். ஏதோ ஒரு கருவியோ அட்டவணையோ அவற்றைத் துப்பியிருக்கும். அந்தக் கருவிதான் மூலம், நமக்குக் கிடைத்தது அதன் விளைவு. வேறு தயாரிப்பாளரின் நினைவகச் சில்லைப் பலகையில் வைக்க நேர்ந்தால் அதில் எதை மாற்றுவீர்கள்?

எண்கணக்கர்

மாற்ற வேண்டியதில்லையே. தயாரிப்பாளர் சோதித்துப் பரிந்துரைத்த சில்லையே வாங்கி வைப்பேன். பலகை வடிவமைப்பவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட டிடிஆர் பயிற்சி (நினைவகத்தின் நேரத் தாமதங்களைச் சரிசெய்யும்) நிரலைத் தொடுவதில்லை. தொடாத ஒன்று விளக்கத்தோடு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

ஈயப்பற்று

நான் தொட்டவனில்லை, ஆனால் அதைப் படிக்க முடிந்ததால் பிழைத்தவன். நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்கும் ஓர் இசிபி5 பலகை உண்டு. வீட்டில் நானே ஹாட் பிளேட்டில் வைத்து ஒட்டியது. லைட்எக்ஸ் பயாஸ் டிடிஆர்3இன் வாசிப்புத் தாமதத்தைச் சரிசெய்யும்போது ஒவ்வொரு பைட் தடத்துக்கும் எட்டு இலக்கங்களை கன்சோலில் அச்சிடும். ஒவ்வோர் இலக்கமும் ஒரு தாமத நிலை. அந்த நிலையில் எழுதியதும் படித்ததும் ஒத்துப்போனால் 1, போகாவிட்டால் 0. என் பலகையின் முதல் தடம் 01110000 என்று காட்டியது. மூன்று நிலைகள் வேலை செய்கின்றன, பயாஸ் நடுவில் உள்ளதைத் தேர்ந்துகொள்ளும். இரண்டாவது தடம் 00100000. நினைவகச் சோதனை தேறியது, லினக்ஸும் எழுந்தது. அரை மணி நேரம் கழித்துச் சூடேறியதும் கர்னல் கண்ட கண்ட இடங்களில் விழத் தொடங்கியது.

மறுபடி ரீசெட் செய்தபோது இரண்டாவது தடத்தில் எட்டும் பூஜ்ஜியம். அந்த ஒரே ஒரு 1 முதல் நாளே என்னிடம் சொல்லியிருக்கிறது, நான்தான் காதில் வாங்கவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தால், விரெஃப் (ஒப்பீட்டு மின்னழுத்த) முனையின் கெப்பாசிட்டர் ஒரு பக்கம் பேடில் ஒட்டவே இல்லை. தொட்டு ஒட்டியதும் 01110000 வந்துவிட்டது. மூடிய பைனரியாக இருந்திருந்தால் எனக்குக் கிடைத்திருப்பது மௌனம் மட்டும்தான்; நான் கர்னலைத் திட்டிக்கொண்டு ஒரு மாதம் கழித்திருப்பேன். ஆகவே சில்லுத்தச்சன் அவர்களே, 20 பலகைகளையும் அனுப்புமுன் இந்த வரிகளைப் பலகை எண் போட்டுச் சேமித்து வையுங்கள். ஒற்றை 1 காட்டும் பலகையை அனுப்பாதீர்கள்.

வேளச்சேரிவாசி

பழையமுனையம் சொல்வதற்கு நம் ஊரிலேயே ஒரு சான்று இருக்கிறது. சென்னை ஐஐடியின் சக்தி என்னும் ரிஸ்க்-ஃபைவ் செயலித் திட்டத்தில் உருவான சி-கிளாஸ் கோரின் மூலநிரல் புளூஸ்பெக் என்னும் வன்பொருள் மொழியில் எழுதப்பட்டு பிஎஸ்டி உரிமத்தில் திறந்திருக்கிறது. வரி வரியாகப் படிக்கலாம். அதே கோரை, சைலின்க்ஸ் எஃப்பிஜிஏ கொண்ட ஆர்ட்டி ஏ7 பலகையில் ஓட்டும்போது டிடிஆர்3ஐக் கையாள்வது சைலின்க்ஸ் கருவி உருவாக்கித் தரும் நினைவகக் கட்டுப்படுத்தி. அதன் பயிற்சி வன்பொருளுக்குள்ளேயே முடிந்து, முடிந்தது என்று ஒரு கம்பி உயரும். பூட் நிரலுக்கு அந்தக் கம்பியைப் பார்த்துக் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. இதில் சக்தி குழுவினரின் குறை ஒன்றும் இல்லை; அந்த எஃப்பிஜிஏவில் எல்லாரும் போகும் பாதை அதுதான். கோர் எவ்வளவு திறந்திருந்தாலும் நினைவகத்தின் வாசலில் வேறொருவர் நிற்கிறார் என்பதைச் சொல்லவே குறிப்பிட்டேன். லைட்எக்ஸோடு வரும் லைட்டிராம் போன்ற திறந்த கட்டுப்படுத்தியை வைத்திருப்பதால் நீங்கள் அந்த வாசலைக் கடந்துவிட்டீர்கள்.

கோப்பாளர்

வாசலைக் கடந்ததும் ஒரு குழி இருக்கிறது. அதில் நான் விழுந்திருக்கிறேன்.

லைட்எக்ஸில் லினக்ஸ் ஓட்டுபவர்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் முகவரி அமைப்பில் கர்னல் ஹெக்ஸ் 40000000 இல், அதாவது நினைவகத்தின் தொடக்கத்திலேயே அமர்கிறது. அங்கிருந்து 15 எம்பி தள்ளி ஓப்பன்எஸ்பிஐ, அதற்கு 64 கேபி முன்னால் டிவைஸ் ட்ரீ, 16 எம்பி தள்ளி ரூட்எஃப்எஸ். கர்னல் சிறியதாக இருக்கும்வரை தொல்லை இல்லை. நான் ஒரு டிரைவரில் லாக் (ஒரே வளத்தைப் பலர் ஒரே நேரத்தில் தொடாமல் காக்கும் பூட்டு) சிக்கலைத் தேடுவதற்காக கர்னலின் லாக்டெப் வசதியை இயக்கினேன். கோப்பின் அளவு 12 எம்பிதான், இடம் தாராளமாக இருக்கிறது என்று நினைத்தேன். லாக்டெப் தனக்கென்று பல எம்பி அளவுக்கு வரிசைகளை பிஎஸ்எஸ் (பூஜ்ஜியத்தில் தொடங்கும் மாறிகள்) பகுதியில் ஒதுக்கிக்கொள்கிறது. பிஎஸ்எஸ் கோப்பில் இடம் பிடிப்பதில்லை, ஓடும்போதுதான் பிடிக்கும். கர்னல் எழுந்தவுடன் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று பிஎஸ்எஸ்ஸைப் பூஜ்ஜியமாக்குவது. டிவைஸ் ட்ரீயும் அதோடு சேர்ந்து பூஜ்ஜியமானது. கன்சோல் எங்கே இருக்கிறது என்று சொல்வதே டிவைஸ் ட்ரீ என்பதால் ஒரு பிழைச் செய்திகூட வரவில்லை. ஓப்பன்எஸ்பிஐயின் கடைசி வரிக்குப் பிறகு கர்சர் மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது.

ரிஸ்க்-ஃபைவ் கர்னல் கோப்பின் தலைப்பில் 16ஆவது பைட்டிலிருந்து, பிஎஸ்எஸ்ஸும் சேர்ந்த மெய்யான அளவு எழுதப்பட்டிருக்கும். கார்டைத் தயாரிக்கும் ஸ்கிரிப்ட் அதைப் படித்துச் சரிபார்த்தால் போதும். அதைவிட நல்ல வழி, வரிசையையே மாற்றிவிடுவது: ஓப்பன்எஸ்பிஐயை நினைவகத்தின் தொடக்கத்தில் வையுங்கள், கர்னலை 4 எம்பி தள்ளி ஹெக்ஸ் 40400000 இல் வையுங்கள், டிவைஸ் ட்ரீயையும் ரூட்எஃப்எஸ்ஸையும் 64 எம்பிக்கு அப்பால் கொண்டுபோய்விடுங்கள். 32 பிட் கர்னல் 4 எம்பி எல்லையில் அமர வேண்டும் என்பதால் அதிகபட்சம் 4 எம்பி வீணாகும். 256 எம்பியில் அதை யாரும் தேடப்போவதில்லை.

ஓப்பன்எஸ்பிஐயின் வடிவத்தைப் பற்றி: நீங்கள் இப்போது பயன்படுத்துவது ஜம்ப் வடிவமாக இருக்கும். அதில் அடுத்து எங்கே தாவ வேண்டும் என்பது கட்டும்போதே உறைந்துவிடுகிறது. டைனமிக் வடிவத்தில் முந்தைய கட்டம் அதை ஏ2 ரிஜிஸ்டர் வழியாகச் சொல்லலாம். ஏ2 சுட்டும் இடத்தில் அடையாள எண், பதிப்பு, அடுத்த முகவரி, அடுத்த மோடு, விருப்பங்கள், பூட் ஹார்ட் (முதலில் எழும் கோர்) என ஆறு சொற்கள் இருக்க வேண்டும்; 32 பிட்டில் அது வெறும் 24 பைட். லைட்எக்ஸின் ஜேசன் கோப்பில் மூன்று ரிஜிஸ்டர்களுக்கும் மதிப்புக் கொடுக்க இடம் இருக்கிறது. அந்த 24 பைட்டை ஒரு கோப்பாகச் செய்து மற்றவற்றோடு ஏற்றிவிட்டு, அதன் முகவரியை மூன்றாவதாகக் கொடுத்தால் பயாஸில் ஒரு வரியும் மாற்ற வேண்டியதில்லை.

சில்லுத்தச்சன்

24 பைட் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. இன்று இரவே முயல்கிறேன். 128 எம்பி நினைவகத்தோடு ஒரு மலிவுப் பதிப்பும் எண்ணத்தில் இருப்பதால் முகவரிகள் உறையாமல் இருப்பது எங்களுக்கு மிகவும் உதவும்.

யூ-பூட் பற்றி யாரும் பேசவில்லையே?

எண்கணக்கர்

பேச அதிகம் இல்லை. யூ-பூட் வேண்டும் என்பதற்குச் சொல்லப்படும் வலுவான காரணம், அதன் யூஇஎஃப்ஐ என்னும் பொதுத் தர பூட் இடைமுகத்தால் டெபியன் போன்ற பொது விநியோகங்களை அப்படியே நிறுவலாம் என்பது. டெபியன் ஆதரிப்பது 64 பிட் ரிஸ்க்-ஃபைவை. உங்கள் கோர் 32 பிட், எப்படியும் லினக்ஸை நாமே கட்ட உதவும் பில்ட்ரூட்தான் கதி. இல்லாத விருந்தாளிக்கு இலை போடாதீர்கள்.

நள்ளிரவுநிரல்

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் ஆய்வகத்தில் உங்களை இரவில் எழுப்பப்போவது அதுதான்.

விஷன்ஃபைவ் 2 இல் நான் செய்த பிழை இது. யூ-பூட்டின் முதல் கட்டமான எஸ்பிஎல்லைக் கட்டினால் ஒரு பைனரி கிடைக்கும். அதன் முன்னால் நீளமும் சிஆர்சியும் (பிழை கண்டறியும் சரிபார்ப்பு எண்) அடங்கிய ஒரு தலைப்பைச் சேர்த்த பிறகுதான் ஃபிளாஷில் எழுத வேண்டும். நான் தலைப்பில்லாத கோப்பை எழுதிவிட்டேன். பலகை ஊமையானது. ஆனால் அந்தச் சில்லின் ரோம் யாராலும் அழிக்க முடியாதது. பலகையில் உள்ள இரண்டு சிறிய சுவிட்சுகளை யூஆர்ட் (சீரியல்) நிலைக்குத் தள்ளி மின்சாரம் கொடுத்ததும் முனையத்தில் சி, சி, சி என்று எழுத்து விடாமல் வந்துகொண்டிருந்தது. எக்ஸ்மோடம் என்னும் கோப்புப் பரிமாற்ற முறை வழியாகக் கோப்பைக் கொடு என்று ரோம் கேட்கிறது என்று அதற்குப் பொருள். கொடுத்தேன், 10 நிமிடத்தில் பலகை மீண்டது. அந்த எழுத்தைப் பார்த்தபோது வந்த நிம்மதியை இங்கே எழுதிக் காட்ட முடியாது.

உங்கள் பலகையில் அப்படிப்பட்ட ரோம் இல்லை. உங்கள் பயாஸ் இருப்பது பிட்ஸ்ட்ரீமுக்குள், பிட்ஸ்ட்ரீம் இருப்பது ஃபிளாஷில், ஃபிளாஷ் மாணவர் கையில். சில்லை நேரடியாக எட்டும் ஜேடேக் கம்பியும் அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவரும் இல்லாவிட்டால் அந்தப் பலகை செத்ததுதான்.

ஈயப்பற்று

இசிபி5இல் இரட்டை பூட் வசதி இருக்கிறதே. முதல் பிட்ஸ்ட்ரீமின் சிஆர்சி தவறினால் எஃப்பிஜிஏ தானாகவே கோல்டன் (மாற்றாக வைத்திருக்கும்) பிட்ஸ்ட்ரீமுக்குப் போய்விடும். இசிபி5க்கான திறந்த கருவித் திட்டமான டிரெல்லிஸில் இதற்கான கருவியும் உண்டு.

நள்ளிரவுநிரல்

சிஆர்சி தவறினால்தானே? மாணவர் பயாஸில் ஒரு முடிவில்லாச் சுழலை எழுதி, ஒழுங்காகக் கட்டி, ஒழுங்காக ஏற்றினால் சிஆர்சி அப்பழுக்கில்லாமல் இருக்கும், பலகை மட்டும் ஓடாது. ஆகவே ஆரஞ்சுகிராப் என்னும் இசிபி5 பலகையில் செய்திருப்பதைப் போலச் செய்யுங்கள். அங்கே எப்போதும் முதலில் ஏறுவது மீட்பு பிட்ஸ்ட்ரீம். பொத்தானை அழுத்திக்கொண்டு மின்சாரம் கொடுத்தால் அதிலேயே நின்று யூஎஸ்பி வழியாகப் புதிய கோப்பை ஏற்கும், அழுத்தாவிட்டால் பயனரின் பிட்ஸ்ட்ரீமுக்குத் தாவும். மீட்புப் பகுதி இருக்கும் ஃபிளாஷ் பக்கங்களை எழுத முடியாதபடி பூட்டவும் வேண்டும்.

சில்லுத்தச்சன்

ஃபிளாஷ் டபிள்யூ25க்யூ128. அதில் பகுதி பகுதியாகப் பூட்டும் பிட்டுகளும், அந்தப் பிட்டுகளையே பூட்டும் டபிள்யூபி (எழுதுவதைத் தடுக்கும்) முனையும் உண்டு என்பதால் ஒரு ஜம்பர் போட்டால் போதும் என்று நினைக்கிறேன். பூட் வேகத்துக்காக குவாட் (நான்கு தரவுக் கம்பிகள்) முறையில் இணைத்திருக்கிறோம்.

ஈயப்பற்று

அங்கேதான் இடிக்கிறது. குவாட் முறையை இயக்கும் பிட்டை வைத்துவிட்டால் டபிள்யூபி முனை டபிள்யூபியாக இருக்காது, இரண்டாம் எண் தரவுக் கம்பியாக மாறிவிடும். உங்கள் ஜம்பர் அலங்காரமாக நிற்கும். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

குவாட் தேவையா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இசிபி5-85இன் பிட்ஸ்ட்ரீம் சுருக்காமல் சுமார் 2 எம்பி. உள்கடிகாரத்தின் இயல்பு வேகமான 2.4 மெகாஹெர்ட்ஸில் ஒற்றைக் கம்பி வழியே ஏற்றினால் ஆறேழு விநாடி ஆகும். நீங்கள் குவாட்டுக்குப் போனதே அந்த எரிச்சலால்தான் என்று ஊகிக்கிறேன். பிட்ஸ்ட்ரீமைப் பேக் செய்யும்போது கடிகாரத்தை 38.8 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தினால் அதே ஒற்றைக் கம்பியில் அரை விநாடிக்குள் முடிந்துவிடும். சுருக்கவும் செய்தால் இன்னும் குறையும்.

எண்கணக்கர்

மீட்பு பிட்ஸ்ட்ரீமைப் பூட்டுகிறீர்கள், சரி. கர்னல் கோப்புகளுக்குக் கையொப்பம் வேண்டாமா? ஆய்வகத்துப் பலகையில் எவர் வேண்டுமானாலும் கார்டை மாற்றிவிடலாமே.

பழையமுனையம்

மாற்றட்டும் என்பதற்காகத்தானே ஆய்வகம். கையொப்பம் தேவைப்படும் நாளில் பொதுச் சாவியைப் பயாஸில் வைக்கலாம். பயாஸை மாற்றும் உரிமை பலகைக்குச் சொந்தக்காரரிடம் இருக்கும்வரை எனக்கு அதில் மறுப்பு இல்லை.

முதலில் நான் எழுப்பிய வாதத்தில் ஒரு திருத்தம்: எண்கணக்கர் கேட்டது நியாயமான கேள்விதான். அந்த எண் அட்டவணையைப் பெரும்பாலோர் தொடப்போவதில்லை. ஆனால் ஈயப்பற்று காட்டிய அந்த எட்டு இலக்கங்களை அச்சிட வேண்டும் என்று முடிவுசெய்தவர், பயிற்சி எப்படி நடக்கிறது என்பதை அறிந்தவராக இருக்க வேண்டும். எண்களை மட்டும் பெற்றவரால் அந்த வரியை எழுதியிருக்க முடியாது.

சில்லுத்தச்சன்

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். குவாட்டை விட்டுவிட்டோம். ஒற்றைக் கம்பி, 38.8 மெகாஹெர்ட்ஸ், சுருக்கிய பிட்ஸ்ட்ரீம். பொத்தானைத் தொடாமல் மின்சாரம் கொடுத்தால் மீட்பு, பயனர் என இரண்டு பிட்ஸ்ட்ரீம்களும் ஏறி முடித்து பயாஸின் முதல் வரி வருவதற்குள் நிமிர்ந்து உட்காரக்கூட நேரமில்லை. மீட்புப் பகுதி பூட்டப்பட்டிருக்கிறது. ஜம்பரை எடுத்துவிட்டால் பூட்டுப் பிட்டுகளை மாற்றும் முயற்சி தோற்பதையும் சோதித்துவிட்டோம். யூ-பூட் இல்லை. ஓப்பன்எஸ்பிஐ டைனமிக் வடிவம், 24 பைட் கோப்போடு, கோப்பாளர் சொன்ன வரிசையில் ஓடுகிறது. லாக்டெப்பை இயக்கியும் எழுந்தது. பயாஸை மட்டும் திருத்தும்போது இசிபிபிராம் கருவியால் பிளாக் ராமின் உள்ளடக்கத்தை மாற்றிக்கொள்கிறோம், ஒவ்வொரு முறையும் நெக்ஸ்ட்பிஎன்ஆர் முடியும்வரை தேநீர் குடிக்க வேண்டியதில்லை.

தயாராகியிருக்கும் ஆறு பலகைகளின் டிடிஆர் வரிகளையும் சேமித்தோம். ஐந்து பலகைகளில் தடத்துக்கு மூன்று நிலைகள் தேறுகின்றன. நான்காம் எண் பலகையின் இரண்டாம் தடத்தில் ஒற்றை 1.

ஜம்பரை ஃபிளாஷுக்குப் பக்கத்தில் வைப்பதா, பலகையின் ஓரத்தில் வைப்பதா என்று எங்களுக்குள் ஒரு சச்சரவு. அதை மட்டும் தீர்த்துவையுங்கள்.

ஈயப்பற்று

ஃபிளாஷுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். ஓரத்தில் இருந்தால் மாணவர் கை அதைத்தான் முதலில் தேடும். நான்காம் எண் பலகையில் விரெஃப் கெப்பாசிட்டரைப் பாருங்கள்.